வெஸ்ட் சின்ட்ரோம் என்னும் கைக்குழந்தை வலிப்பு: தாமதிக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் குழந்தை மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குழந்தைகளின் நரம்பியலையே தனியாகப் படித்தவரைத் தேடி அலையும்போதுதான் வயிற்றில் புளி கரைக்கிறது.

என் தங்கை மகனுக்கு ஆறு மாதம். தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் கவிழும், இரு கைகளும் விரிந்து உயரும், ஓரிரு நொடிகளில் அடங்கும். சற்று நேரத்தில் மீண்டும் அதேபோல், வரிசையாக. உரம் விழுந்திருக்கிறது என்றார்கள் பெரியவர்கள். வயிற்றுவலி மருந்து எழுதிக் கொடுத்தார் ஒரு மருத்துவர். தங்கை விடவில்லை, கைப்பேசியில் வீடியோ எடுத்தாள். அதைப் பார்த்த அடுத்த மருத்துவர், "இன்றே திருவனந்தபுரம் கிளம்புங்கள்" என்றார். அவருக்குக் கோடி புண்ணியம்.

1841இல் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சொந்த மகனிடம் கண்டு எழுதிய வலிப்பு நோய்தான் இந்த வெஸ்ட் சின்ட்ரோம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தொடங்கும். தூக்கத்தையும் சேர்த்து எடுக்கும் இ.இ.ஜி.யில், அதாவது மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனையில், பெரும்பாலும் தெரிந்துவிடும். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி, பிரெட்னிசோலோன், விகாபாட்ரின் என்று மருந்துகள் இருக்கின்றன. தாமதிக்கத் தாமதிக்கக் குழந்தையின் வளர்ச்சிதான் அடிபடும். சாதாரண வலிப்பைப் போல வெட்டி இழுக்காது என்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் பக்கம்தான். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் வலிப்பு நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்திலோ நாகர்கோவிலிலோ இதைப் பார்க்கும் குழந்தை நரம்பியல் மருத்துவரை யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். மலையாளம் தெரியாத ஒரு தாய் மாதாமாதம் கைக்குழந்தையுடன் தனியாக ரயில் ஏறுகிறாள்.