ஹெலி வாற மாதிரி ஒரு ஏசி

எங்கட வெள்ளவத்தை ஃப்ளாட் மரைன் டிரைவில இருந்து நாலு வீடுதான் தள்ளி, அதால ஏசியின்ர வெளி யூனிட் தகரம் உப்புக்காத்துக்குக் கரையுறது பழகின விஷயம். ஆனா போன மாசம் உள்ள சுத்துற பிளாஸ்டிக் காத்தாடியே வெடிச்சு ஒரு செட்டை பிஞ்சு போச்சு. ஏசி திருத்துற பாஸ் வந்து பாத்திட்டு புறக்கோட்டையில ஒரு கடையில இருந்து வேறொண்டு வாங்கிக்கொண்டு வந்து பூட்டினார். "ஷாஃப்டுக்கு ஃபிட் ஆகுது தானே சேர்" எண்டார். நானும் தலையாட்டிப்போட்டு காசைக் குடுத்தன், என்ர மொக்கு வேலை.

அண்டைக்கு ராத்திரியே மேல் மாடி அன்ரி கோல் எடுத்தா. "தம்பி, உங்கட பக்கம் இருந்து ஹெலி வாற மாதிரிக் கேக்குது, என்னப்பு அது?"

அடுத்த நாள் டோர்ச் அடிச்சுப் பாத்தன். பழைய காத்தாடிக்கும் அதைச் சுத்தி இருக்கிற வளையத்துக்கும் நடுவில ஒரு விரல் நுழையுறதே கஷ்டம், புதுசுக்கு ரெண்டு விரல் தாராளமாப் போகுது. இந்த இடைவெளிதான் ஆள். செட்டையின்ர ஒரு பக்கம் அமுக்கம் கூட, மற்றப் பக்கம் குறைவு, நுனியில இடம் கிடைச்சா காத்து முன்னுக்குப் போகாம அந்த ஓரத்தால சுழிச்சுக்கொண்டு திரும்பி வரும், பின்னால வாற செட்டை போய் அந்தச் சுழிக்குள்ள அடிக்கும். சத்தம் கூடும், காத்துக் குறையும். காத்துக் குறைஞ்சா சூட்டை வெளிய விடுற குழாய்ச் சுருள், அதான் கொயில், சூடேறும், வாயுவை அமுக்குற கொம்பிரசர் கூடக் கரண்ட் இழுக்கும், அது பில்லில வரும்.

அந்த "ஹூம்" எங்க இருந்து வருது எண்டும் கணக்குப் பாத்தன். மோட்டர் லேபிள்ல நிமிசத்துக்கு 850 சுத்து எண்டு போட்டிருக்கு, மூண்டு செட்டை, அப்ப செக்கனுக்கு 42 தரத்துக்கு மேல ஒரு தட்டு. சரிசமமா 120 பாகையில இருக்கிறதால எல்லாம் ஒரே சுருதியில சேருது, அதுதான் பிராக்கெட் வழியா சுவருக்குள்ள இறங்கி அன்ரியின்ர கட்டில் வரைக்கும் போகுது. செட்டைகளுக்கு நடுவில கோணத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு வச்சா அந்தச் சுருதி உடைஞ்சு பரவிப்போகும். மூண்டில அப்பிடிச் செய்யப்போனா பேலன்ஸ் கெட்டு ஆடும், அஞ்சு எண்டா சமாளிக்கலாம்.

இதைத் தேடேக்கதான் அமெரிக்காவில ஃபுளோரிடா சோலார் எனர்ஜி சென்டரில டேனி பார்க்கர் ஆக்கள் செய்த காத்தாடி கண்ணில பட்டுது. அங்கத்தை வெளி யூனிட் எங்கட மாதிரி இல்லை, மேல பாத்துக் காத்தைத் தள்ளும், செட்டை சும்மா வெட்டி வளைச்ச தகரம். இவங்கள் அதைத் தூக்கிப்போட்டு விமானச் செட்டை மாதிரி முறுக்கின அஞ்சு செட்டை, கோணம் சமமில்லாம, காத்து வெளிய போற இடத்தில விரியுற கூம்பு ஒண்டு எண்டு செய்தவங்கள். கூட நிண்டது ஏரோவைரன்மென்ட் கொம்பனி ஆக்கள், 1979இல ஒருத்தர் பெடல் மிதிச்சே ஆங்கிலக் கால்வாயைத் தாண்டின கொசமர் அல்பட்ரோஸ் விமானத்தைச் செய்த அதே கொம்பனி. மனுசன்ர காலில இருக்கிற சின்னப் பவரில பறக்க வைச்சவங்களுக்கு ஏசி காத்தாடி எம்மாத்திரம் எண்டு நினைச்சன்.

ஏன் இவ்வளவு மினக்கெடுறாங்கள் எண்டா, செட்டை நல்லா இருந்தா மெதுவாச் சுத்தியே அதே காத்தை எடுக்கலாம், லாபம் அங்கதான். ஒரே காத்தாடியை 20 வீதம் மெதுவாச் சுத்தினாக் காத்துக் குறையுறதும் 20 வீதம்தான், ஆனா தேவைப்படுற பவர் கிட்டத்தட்டப் பாதியாயிடும், சத்தம் ஒரு 5 டெசிபல் இறங்கும். கடைக்காரர் "நல்ல ஸ்பீட் மோட்டர் சேர்" எண்டு சொல்லேக்க எனக்கு இப்ப சிரிப்புத்தான் வருது.

கடைசியா மொடல் நம்பரைக் குடுத்து சரியான காத்தாடியை ஓடர் பண்ணி, வர ரெண்டு கிழமை ஆச்சு, அது வரைக்கும் ராத்திரியில ஏசி போடாம வேர்த்துக்கொண்டு கிடந்தம். பூட்ட முதல் பாஸிட்ட சொல்லி நுனி இடைவெளியைச் சுத்திவர விரலை வச்சுப் பாத்தன், பிராக்கெட்டுக்குக் கீழ ரப்பரும் மாத்தியாச்சு. அவர் என்னை ஒரு மாதிரித்தான் பாத்தார். அன்ரி இப்ப கோல் எடுக்கிறது எங்கட வீட்டுத் தண்ணி மோட்டரைப் பற்றி.