தமிழ் நூலுக்கு ஒரு லேடெக் கிளாஸ்: ஆப்ஷன்களை வடிவமைத்தபோது

கவிதைத் தொகுப்பு, நினைவு மலர், சிறுகதை நூல் என்று தாங்களே புத்தகம் கொண்டுவருகிறவர்களுக்காக லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு ஒரு டாக்குமென்ட் கிளாஸ், அதாவது நூலின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்பு, எழுதி வருகிறேன். அடித்தளம் மார்குஸ் கோமின் கோமா-ஸ்கிரிப்ட் என்ற லேடெக் தொகுப்பில் உள்ள ‘ஸ்கர்புக்’ கிளாஸ். பக்க அமைப்பு ஓரளவு நிலைபெற்றுவிட்டது. இப்போது முழுக் கவனமும் பயனர் கை வைக்கும் இடத்தில்தான். எதையெல்லாம் ஆப்ஷனாகத் தருவது, கோப்பில் எந்த இடத்தில் தருவது, பொருந்தாத மதிப்பு வந்தால் என்ன சொல்வது?

ஸ்கர்புக்கின் ஆப்ஷன்களையே அப்படியே திறந்து விட்டிருக்கலாம். ஆனால் அங்கே ஓரங்களைத் தீர்மானிப்பது டிஐவி என்ற எண். பைண்டிங்குக்குப் போகும் அகலத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அத்தனை பாகமாகப் பிரிக்கும். உள் ஓரத்துக்கு ஒரு பாகம், வெளி ஓரத்துக்கு இரண்டு, நடுவில் எழுத்து. டெமி சைஸ் ஐந்தரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 140 மி.மீ. அகலம். பைண்டிங்குக்கு 8 மி.மீ. விட்டு டிஐவி 10 என்று வைத்தால் எழுத்துப் பகுதி 92.4 மி.மீ., வெளி ஓரம் 26.4 மி.மீ. அருமையான ஏற்பாடு. ஆனாலும் கவிதை எழுதுகிறவரிடம் போய் “டிஐவி எத்தனை வேண்டும்?” என்று கேட்க முடியாது.

அச்சகத்தில் என்ன கேட்பார்கள்? “என்ன சைஸ் சார்? சென்டர் பின்னா, பர்ஃபெக்டா? எத்தனை ஃபாரம் வரும்?” இந்தக் கேள்விகளுக்கு யாருக்கும் பதில் தெரியும், அல்லது கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். என் ஆப்ஷன்கள் இந்தக் கேள்விகளாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஃபாரம் என்பது சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி, இங்கே 16 பக்கம். சென்டர் பின் (நடுமடிப்பில் கம்பி அடிப்பது) என்றால் பைண்டிங் இழப்பு இல்லை. பர்ஃபெக்ட் (முதுகில் பசையிட்டு ஒட்டுவது) என்றால் 8 மி.மீ. அந்த எண்ணைப் பயனர் பார்க்கவே தேவையில்லை.

இப்போதைய வடிவம் இது:

அளவு = டெமி,
பைண்டிங் = பர்ஃபெக்ட்,
எழுத்தளவு = 11,
நெருக்கம் = இயல்பு,
ஃபாரம் = 16,
மெய்ப்பு

‘அளவு’க்கு டெமி, கிரவுன் என்று பெயர் தரலாம். அச்சகத்துக்கு அச்சகம் வெட்டளவு கொஞ்சம் மாறும் என்பதால் அகலமும் உயரமும் நேரடியாகக் கொடுக்கவும் வழி உண்டு. ‘நெருக்கம்’தான் டிஐவி-யின் முகமூடி: தளர்வு, இயல்பு, நெருக்கு என்று மூன்றே நிலை. இது எதற்கு என்றால், அச்சுச் செலவு ஃபாரம் கணக்கில்தான் போகிறது. 134 பக்கம் வந்தால் 8 ஃபாரமும் 6 பக்கமும். அந்த 6 பக்கத்தை உள்ளே இழுக்க முடியுமா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கடைசியில் இந்தக் கணக்கை கிளாஸே லாக்கில் (ஓட்டத்தின் பதிவுக் கோப்பில்) எழுதிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஆப்ஷன் பெயர்களைத் தமிழில் வைத்ததற்குப் படிக்க எளிது என்பதையும் தாண்டி ஒரு காரணம் உண்டு. டாக்குமென்ட் கிளாஸின் சதுர அடைப்புக்குள் எழுதுவது எல்லாம் பொது ஆப்ஷன். பின்னால் வருகிற பேக்கேஜ்களும் (கூடுதல் வசதி தரும் துணைக் கோப்புகள்) அதை எட்டிப் பார்க்கும். ‘டிராஃப்ட்’ என்று அங்கே எழுதினால் கிராஃபிக்ஸ் பேக்கேஜும் அதைப் பிடித்துக்கொண்டு, படங்களுக்குப் பதிலாக வெறும் கட்டங்களைப் போட்டுவிடும். மெய்ப்புத் திருத்துகிறவருக்குப் படமும் வேண்டும். வரி எண்ணும், ஓரம் தாண்டிய வரிக்குக் கறுப்புப் பட்டையும் வேண்டும். ‘மெய்ப்பு’ என்ற பெயரில் எந்தப் பேக்கேஜிலும் ஆப்ஷன் இல்லை, மோதலும் இல்லை. உள்ளே கோமாவின் ‘ஓவர்ஃபுல்ரூல்’ ஆப்ஷனையும் வரி எண்ணுக்கான பேக்கேஜையும் மட்டும் இயக்குகிறேன்.

அடுத்தது, எங்கே தருவது என்ற கேள்வி. ஜூன் 2022 வெளியீட்டிலிருந்து லேடெக்கின் மையத்திலேயே ‘டிக்ளேர்கீஸ்’, ‘பிராசஸ்கீஆப்ஷன்ஸ்’, ‘செட்கீஸ்’ கட்டளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கீயும் (ஆப்ஷன் பெயரும்) எப்போது செல்லும் என்பதையும் அறிவிக்க முடிகிறது: கிளாஸை ஏற்றும்போது மட்டும், பிரியாம்பிள் (நூலின் உரை தொடங்குமுன் உள்ள அமைப்புப் பகுதி) முடியும்வரை, அல்லது எப்போது வேண்டுமானாலும். ‘அளவு’, ‘பைண்டிங்’ இரண்டும் முதல் வகை. எழுத்துரு, நெருக்கம் ஆகியவை இரண்டாம் வகை. இயல் தலைப்பின் அலங்காரம் நூலின் நடுவிலும் மாறலாம். எழுத்துருவைப் பிரியாம்பிளுக்குத் தள்ளியதற்குக் காரணம், பழைய ஆப்ஷன் முறை சதுர அடைப்புக்குள் இருக்கும் இடைவெளிகளை நீக்கிவிடும். எழுத்துருப் பெயர்களோ இடைவெளியோடுதான் இருக்கும். புதிய கட்டளைகள் இதைச் சரியாகக் கையாண்டாலும், நீளமான மதிப்புகளுக்குத் தனி இடம் இருப்பதே படிக்க வசதி.

எழுத்துருவுக்குப் பயனர் பெயர் மட்டும் தந்தால் போதும். தமிழ் ஸ்கிரிப்ட் என்று சொல்வதும் எழுத்துகளைக் கோத்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் வழியாக வரையச் சொல்வதும் கிளாஸின் வேலை. கொம்பும் துணைக்காலும் சரியான இடத்தில் விழுவதைப் பயனரின் நினைவாற்றலை நம்பி விடக்கூடாது. லேடெக்கை நிறுவும் தொகுப்பான டெக்லைவில், 2020 பதிப்பு முதல், லேடெக்கின் ஒரு வடிவமான லுவாலேடெக்கிலேயே ஹார்ஃப்பஸ் சேர்ந்து வருவதால் இதற்குத் தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

நான் அதிக நேரம் செலவிட்டது வரிசைப் பிரச்சினையில். 11 புள்ளி எழுத்துக்கு லேடெக் வைக்கும் வரித் தூரம் 13.6 புள்ளி. மேலே விசிறி, கீழே உகரச் சுழி என்று இரு பக்கமும் நீளும் தமிழுக்கு அது மூச்சு முட்டும். நான் 16 வைக்கிறேன். வரித் தூரம் மாறினால், ஒரு பக்கத்தில் முழு எண்ணிக்கையில் வரிகள் அமையும்படி எழுத்துப் பகுதியின் உயரத்தை மறுபடி கணக்கிட வேண்டும். ஆக முதலில் எழுத்துரு, பிறகு எழுத்தளவு, பிறகு வரித் தூரம், கடைசியில் பக்கக் கணக்கு. பயனர் இந்த வரிசையில் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் எந்த கீயும் உடனடியாக எதையும் செய்வதில்லை. மதிப்பைச் சேமித்து வைப்பதோடு சரி. பிரியாம்பிள் முடியும் இடத்தில் ஒரு ஹூக் (அந்த இடம் வந்ததும் தானாக ஓடும் நிரல்) மாட்டி, எல்லாவற்றையும் அங்கே ஒரே தடவை, சரியான வரிசையில் செய்கிறேன். இது வந்த பிறகு கிளாஸ் கோப்பு பாதியாக எளிமையானது. இதுபோல் எழுத நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் பிழைச் செய்திகள். பெயர் தெரியாத ஆப்ஷனை லேடெக் கிளாஸில் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ‘பயன்படாத பொது ஆப்ஷன்’ என்று லாக்கில் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும், அதை யாரும் படிப்பதில்லை. ‘பைன்டிங்’ என்று எழுதிவிட்டு, ஓரம் ஏன் மாறவில்லை என்று ஒருவர் மாலை முழுக்கத் தேடுவார். தெரியாத கீயைப் பிடிக்கத் தனிக் கட்டளை இருக்கிறது. அதில் தமிழிலேயே செய்தி எழுதிவிட்டேன்: “‘பைன்டிங்’ என்ற ஆப்ஷன் இல்லை. உள்ளவை: அளவு, பைண்டிங், எழுத்தளவு...” மதிப்பு பொருந்தாவிட்டாலும் இதே மாதிரி பட்டியல் வரும். லாக் கோப்பு இயல்பாக 79-இல் வரியை மடிப்பதால் தமிழ்ச் சொற்கள் நடுவில் துண்டாகின்றன. டெக்லைவ் அமைப்பில் அந்த எல்லையை உயர்த்தச் சொல்லி வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன்.

பழைய நிறுவல்களையும் யோசிக்க வேண்டியிருந்தது. உபுண்டு 22.04-இல் வருவது டெக்லைவ் 2021. அதில் புதிய கீ கட்டளைகள் கிடையாது. தேவையான தேதியைக் கிளாஸின் தலையில் எழுதினாலும் லேடெக் எச்சரித்துவிட்டுத் தொடரும், பிறகு புரியாத பிழைகள் கொட்டும். எனவே வெளியீட்டுத் தேதியை நானே சோதித்து, போதாவிட்டால் “புதுப்பிக்கப்பட்ட டெக்லைவ் 2022 அல்லது அதற்குப் பிந்தையது தேவை” என்று சொல்லி அங்கேயே நிறுத்துகிறேன்.

பாக்கி இருப்பது இரண்டு. கோமாவின் கடித கிளாஸில் அனுப்புநர் விவரங்களைத் தனி எல்சிஓ கோப்பில் வைத்துக்கொள்ளலாம். அதேபோல் ஒரு பதிப்பகத்தின் அமைப்புகளை ஒரு கோப்பில் வைத்து, ‘பதிப்பகம்’ என்ற ஒரே ஆப்ஷனால் அழைக்க வேண்டும். இது பாதி எழுதியாகிவிட்டது. இன்னொன்று, வரியின் கடைசியில் சொல் உடையும்போது ஹைஃபன் காட்டுவதா வேண்டாமா என்பது. பல தமிழ் நூல்களில் அது இருப்பதில்லை, சிலர் விரும்புகிறார்கள். இதை ஆப்ஷனாகத் தருவேன். காட்டாமல் இருப்பதே தொடக்க நிலையாக இருக்கும்.