பச்சை மோதிரத்துக்கு விடை தெரியாத கேள்வி

ஒரே ஒரு காமிக்ஸ் பக்கத்தைப் பற்றி எழுத வேண்டுமென்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் டிசி நிறுவனம் 1970 ஏப்ரல் தேதியிட்டு, 15 சென்ட் விலையில் வெளியிட்ட ‘கிரீன் லான்டர்ன்’ 76ஆம் இதழில் அந்தப் பக்கம் இருக்கிறது. இடிந்து விழும் நிலையிலுள்ள ஒரு குடியிருப்பின் மேல், வயதான கறுப்பினத்தவர் ஒருவர் அண்டவெளியின் காவலரான கதாநாயகனை நெருங்கி வருகிறார். நீலத் தோல்காரர்களிடம் நீ வேலை பார்ப்பதாகப் படித்திருக்கிறேன், எங்கோ ஒரு கிரகத்தில் ஆரஞ்சுத் தோல்காரர்களுக்கு உதவினாய், ஊதாத் தோல்காரர்களுக்கும் நிறையவே செய்தாய், கறுப்புத் தோல்காரர்களை மட்டும் நீ ஏன் கண்டுகொள்ளவே இல்லை என்று கேட்கிறார். நினைத்ததையெல்லாம் உருவாக்கிக் காட்டும் மோதிரத்தை விரலில் அணிந்த அந்த மனிதன் தலையைக் குனிந்துகொண்டு, தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்கிறான்.

இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த என்னைப் போன்ற வாசகனுக்கு, கதாநாயகன் வெட்கித் தலைகுனியும் ஒரு கட்டம் காமிக்ஸில் வரக்கூடும் என்பதே புதிய செய்தியாக இருந்தது. மாயாவி மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோவார், வில்லனின் திட்டத்தை முறியடிப்பார், கதை முடியும். அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. எனவே இந்த இதழின் மறுபதிப்பை முதன்முறை படித்தபோது கதையைவிட அந்தத் தலைகுனிவுதான் மனத்தில் தங்கியது. பிறகு பலமுறை படித்தபோதுதான், அந்தத் தலைகுனிவுக்கு முன்னால் வரும் பக்கங்கள் எவ்வளவு கவனமாகக் கட்டப்பட்டவை என்பது புரிந்தது.

கதை இப்படித் தொடங்குகிறது. கிரீன் லான்டர்ன் என்னும் ஹால் ஜோர்டன், ஸ்டார் சிட்டி நகரத்தின் மேல் பறந்து வரும்போது, கோட்டு அணிந்த பருமனான ஒருவரை ஓர் இளைஞன் தெருவில் பிடித்துத் தள்ளுவதைப் பார்க்கிறான். பார்த்தவுடன் இறங்கி, இளைஞனை மோதிரத்தின் ஒளியால் தூக்கிக் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, கூட்டத்தின் கைதட்டலை எதிர்பார்த்து நிற்கிறான். கைதட்டலுக்குப் பதிலாகத் தகர டப்பாக்கள் பறந்து வருகின்றன. அவன் காப்பாற்றிய மனிதர் ஜூபல் ஸ்லேட், அந்தக் கட்டடத்தின் உரிமையாளர். குடியிருப்பவர்களை வெளியேற்றிவிட்டு, கட்டடத்தை இடித்து, அந்த இடத்தில் வாகன நிறுத்துமிடம் அமைக்கப்போகிறவர். நண்பனான வில்லாளி கிரீன் ஆரோதான் அவனை உள்ளே அழைத்துச் சென்று, எலிகளுக்கும் இடிபாட்டுக்கும் நடுவே வாழும் மனிதர்களைக் காட்டுகிறான். கிரீன் லான்டர்ன் மோதிரத்துக்கு ஆற்றல் ஏற்றும்போது சொல்லும் உறுதிமொழியில், எந்தத் தீமையும் தன் பார்வைக்குத் தப்பாது என்றொரு வரி உண்டு. கதாசிரியர் டென்னி ஓ’நீல் அந்த வரியையே இந்தக் கதைக்குத் தலைப்பாக வைத்தார். அத்தனை கூர்மையான பார்வை உடையவன் தன் காலடியிலிருந்த தெருவைப் பார்க்கவில்லை என்பதைவிடக் கடுமையான கேலியை அந்தத் தலைப்பில் வைத்திருக்க முடியாது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது, ஸ்லேட் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைத்தான். கட்டடம் அவருடையது, காலி செய்யச் சொல்லும் உரிமையும் அவருடையது. சட்டத்தை மீறியவன் அந்த இளைஞன். ஆகவே கிரீன் லான்டர்ன் செய்தது, அதுவரை எழுபத்தைந்து இதழ்களாக அவன் செய்துவந்த அதே வேலைதான்: குலைந்த ஒழுங்கை மீண்டும் நிலைநாட்டுவது. சூப்பர்ஹீரோ என்ற கற்பனையே அந்த வேலைக்காக வளர்ந்த ஒன்று. வங்கியைக் கொள்ளையடிப்பவன் வருவான், கதாநாயகன் அவனைப் பிடிப்பான், மறுநாள் காலை வங்கி வழக்கம்போல் திறக்கும். ஆனால் அநீதி அந்த வழக்கத்துக்குள்ளேயே இருந்தால், ஒழுங்கை நிலைநாட்டுகிறவன் யாருக்குக் காவலாக நிற்கிறான்? சமூக நீதியைப் பேச முற்படும் எந்தச் சூப்பர்ஹீரோ கதையும் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான் என்பது என் கருத்து.

இந்த வகைக் கதைகளில் அரசியல் 1970இல்தான் நுழைந்தது என்று சொல்லிவிட முடியாது. 1938இல் வெளிவந்த சூப்பர்மேனின் முதல் கதையிலேயே, அவர் மனைவியை அடிக்கும் கணவனைப் பிடித்து உதைக்கிறார். வாஷிங்டனில் செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் தரகரைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பிகளின் மேல் ஓடுகிறார். 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் குத்தியபோது, அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவே இல்லை. ஆனால் 1954இல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட தணிக்கை நெறிகள் வந்த பிறகு, இந்தத் துணிச்சல் பெருமளவு அடங்கிப்போயிற்று. அந்தத் தணிக்கை எப்படி நடந்தது என்பதற்குச் சூப்பர்ஹீரோ அல்லாத ஒரு கதையைச் சொல்லலாம். இசி நிறுவனம் 1953இல் வெளியிட்ட ஓர் அறிவியல் புனைவில், ஆரஞ்சு நிற ரோபோக்கள் நீல நிற ரோபோக்களை ஒதுக்கிவைத்திருக்கும் கிரகத்தைச் சோதிக்க வந்த விண்வெளி வீரர், கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் கறுப்பினத்தவர் என்று வாசகருக்குத் தெரிகிறது. 1956இல் அந்தக் கதையை மறுபதிப்புச் செய்ய முயன்றபோது, அந்த வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்று தணிக்கையாளர் அடம்பிடித்தார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்து, கதையை உள்ளபடியே வெளியிட்டார். இசி நிறுவனம் வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழாகவும் அதுவே அமைந்தது.

அப்படிப்பட்ட சூழலில் ஓ’நீலுக்கும் ஓவியர் நீல் ஆடம்ஸுக்கும் வாய்ப்புக் கிடைத்ததற்குக் காரணம் கொள்கைப்பிடிப்பு அல்ல. ‘கிரீன் லான்டர்ன்’ விற்பனை சரிந்துகொண்டிருந்தது. எப்படியும் நிற்கப்போகிற இதழ் என்பதால், ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் துணிந்து புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க அனுமதித்தார். ஓ’நீல் மிசௌரி மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்றில் நிருபராக வேலை பார்த்தவர். அந்த நிருபரின் கண் இக்கதைகளில் தெரிகிறது. இவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் இதழான 76இன் முடிவில் இரண்டு கதாநாயகர்களும், கிரீன் லான்டர்னின் மேலதிகாரிகளான நீலத் தோல் காவலர்களில் மனித வடிவெடுத்து வந்த ஒருவரும் பழைய டிரக் ஒன்றில் ஏறி அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறார்கள். வானத்தில் பறக்கத் தெரிந்தவன் தார்ச்சாலையில் போவது நல்ல கற்பனை. மேலிருந்து பார்ப்பதை அவன் நிறுத்த வேண்டியிருந்தது.

ஆனால் அந்தப் பயணம் முழுவதும் முதல் இதழின் உயரத்தில் இருந்ததாகச் சொன்னால் அது பொய்யாகும். அந்த முதல் இதழிலேகூட ஸ்லேட் கடைசியில் எதற்காகச் சிக்குகிறார் என்று பார்க்க வேண்டும். கிரீன் ஆரோவைக் கொல்ல ஆள் அமர்த்தியதற்காகச் சிக்குகிறார். ஏழைகளை வெளியேற்றியதற்காக அவரை யாராலும் தொட முடியவில்லை. கதாசிரியர் இதை வேண்டுமென்றே எழுதினாரா, அல்லது வில்லனைச் சிறைக்கு அனுப்பாமல் கதையை முடிக்கத் தெரியாமல் எழுதினாரா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. அடுத்த இதழைப் படித்தால் இரண்டாவது காரணத்தின் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களை அடிமைகளைப் போல் நடத்தும் முதலாளி ஒருவன், தன் அடியாட்களாக முன்னாள் நாஜிகளை வைத்திருக்கிறானாம். நாஜி என்றவுடன் வாசகருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, குத்துவிட வேண்டியதுதான். குறைந்த கூலியும் கடன் கணக்கும் நாஜிகள் இல்லாமலேயே ஒரு சுரங்க நகரத்தைச் சிறையாக்கிவிடும் என்ற உண்மை, அந்தக் குத்தின் ஓசையில் காணாமல் போகிறது. பழங்குடிகளின் காட்டு நிலம், மக்கள்தொகைப் பெருக்கம், பெண்ணுரிமை, பிளாஸ்டிக் என்று இதழுக்கொரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு ஓடிய அவசரத்தில், பெண்ணுரிமைக் கதை படிக்கவே சங்கடமாக இருக்கிறது.

அந்த முதியவரின் கேள்வியையே குறைகூறுவோரும் உண்டு. பூமியைப் பலமுறை அழிவிலிருந்து காத்தவன் கிரீன் லான்டர்ன். அந்தப் பூமியில் கறுப்பின மக்களும் இருக்கிறார்கள் அல்லவா, பிறகு அவன் ஏன் பதில் தெரியாமல் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். தர்க்கப்படி அது சரிதான். ஆனால் வெள்ளத்திலிருந்து ஊரையே காப்பாற்றினேன் என்று சொல்கிறவரிடம், தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டால், அதற்கு முன்னது பதிலாகாது. எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த முதியவருக்குப் பெயர் இல்லை. வெள்ளைக் கதாநாயகனின் மனச்சாட்சியை உலுக்குவதற்காகச் சில கட்டங்களில் வந்து, வேலை முடிந்ததும் போய்விடுகிறார். எழுதியவர், வரைந்தவர், தொகுத்தவர் மூவரும் வெள்ளையர்கள்; கேள்வியை நேர்மையாகவே கேட்டார்கள், ஆனால் கேட்டவரின் வீட்டுக்குள் கதை போகவில்லை.

இந்த வரிசையில் முதல் இதழுக்கு இணையாக நான் மதிப்பது 1971இல் வந்த 85, 86ஆம் இதழ்களை. ஊர் ஊராகப் போய் எல்லாருக்கும் நியாயம் சொல்லிவந்த கிரீன் ஆரோவின் வளர்ப்பு மகன் ஸ்பீடி, ஹெராயினுக்கு அடிமையாகிக் கிடக்கிறான். ஊருக்கு உபதேசம் செய்தவன் தன் வீட்டுப் பிள்ளையின் கையைக் கவனிக்கவில்லை. தெரிந்ததும் அவன் செய்த முதல் காரியம் பிள்ளையை அடித்ததுதான். பக்கத்தில் இருந்து ஸ்பீடியை மீட்பவள், இன்னொரு சூப்பர்ஹீரோவான பிளாக் கனேரி. தணிக்கை நெறிகளின்படி போதைப்பொருளைக் காட்டவே கூடாது என்றிருந்த காலம் அது. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்பு, அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டதன் பேரில் ஸ்டான் லீ எழுதிய மூன்று ஸ்பைடர்மேன் இதழ்களைத் தணிக்கை முத்திரை இல்லாமலேயே மார்வெல் விற்பனைக்கு அனுப்பியிருந்தது. அதன்பின் நெறிகள் திருத்தப்பட்டதால், ஸ்பீடியின் கதைக்கு முத்திரை கிடைத்தது. நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே பாராட்டி எழுதிய கடிதம் 86ஆம் இதழில் அச்சாகியிருக்கிறது.

87ஆம் இதழில் ஜான் ஸ்டூவர்ட் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர், மாற்றுக் கிரீன் லான்டர்னாக வருகிறார். தெருவில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களைச் சீண்டும் காவலரை எதிர்த்து நிற்பதுதான் அவருடைய அறிமுகம். மோதிரத்தை வாங்கிக்கொண்டவர் முகமூடி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். ஒளித்துவைக்க அவரிடம் ஒன்றுமில்லை. அவருக்கு முதலில் லிங்கன் வாஷிங்டன் என்று பெயரிட நினைத்தார்கள் என்றும், அது அடிமைப் பெயர்போல் இருக்கிறது என்று தாம் மறுத்ததாகவும் ஆடம்ஸ் பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். இத்தனைக்குப் பிறகும் விற்பனை கூடவில்லை. 1972இல் 89ஆம் இதழோடு இவர்களுடைய பயணம் நின்றது.

அந்த முதியவரின் பக்கத்திலிருந்து கதை எழுதப்படுவதற்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டுவெய்ன் மெக்டஃபி, டெனிஸ் கவன் உள்ளிட்ட கறுப்பினப் படைப்பாளிகள் மைல்ஸ்டோன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய ‘ஐகான்’ கதையில், வேற்றுக்கிரகக் குழந்தை சூப்பர்மேனைப் போல் கான்சாஸ் பண்ணையில் விழவில்லை. 1839இல், அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காட்டில் விழுகிறது. எடுத்து வளர்ப்பவள் ஓர் அடிமைப் பெண். சாகாவரம் பெற்றவன்போல் வாழ்ந்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வசதியான வழக்கறிஞனாகவும், உழைத்தால் எவரும் உயரலாம் என்று நம்புகிற பழமைவாதியாகவும் இருக்கும் அவனை, ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த ரக்கேல் என்ற பதின்வயதுப் பெண், வீரனாகும்படி வற்புறுத்துகிறாள். இருவரும் உடை மாட்டிக்கொண்டு முதன்முறையாக உதவப் பறந்து போகிறார்கள். தரையிறங்கியதும் போலீஸ் துப்பாக்கிகள் அத்தனையும் அவர்களை நோக்கித் திரும்புகின்றன. சூப்பர்மேனுக்கு இப்படியெல்லாம் நடக்காது என்ற பொருளில் ரக்கேல் முணுமுணுக்கிறாள். கிரீன் லான்டர்னுக்கு ஒரு முழு இதழ் தேவைப்பட்ட பாடத்தை அவள் பறப்பதற்கு முன்பே படித்திருந்தாள். சொற்பொழிவு எதுவும் தேவைப்படவில்லை.

நீல் ஆடம்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அதன் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள். கையெழுத்து அவர்களுடையது, ஒப்பந்தம் செல்லும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. ஸ்லேடின் கட்டடத்தைப் போலவே இதிலும் சட்டம் உரிமையாளரின் பக்கம் இருந்தது. 1975இல் இருவரும் வறுமையில் இருந்தார்கள், ஷஸ்டருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. அந்த முதியவரை வரைந்த ஆடம்ஸ், ஓவியர் ஜெர்ரி ராபின்சனோடு சேர்ந்து பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இதைப் பேசிப் பேசி, சக ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் திரட்டினார். சூப்பர்மேன் படத்துக்குப் பெரும் பணம் போடத் தயாராகிக்கொண்டிருந்த வார்னர் நிறுவனம், அந்த ஆண்டு டிசம்பரில் இறங்கிவந்து, இருவருக்கும் ஆண்டுக்குத் தலா 20,000 டாலர் உதவித்தொகை தர ஒப்புக்கொண்டது. பல ஆண்டுகளாக நீக்கப்பட்டிருந்த அவர்களுடைய பெயர்கள், அதற்குப் பிறகு வந்த சூப்பர்மேன் கதைகளின் முதல் பக்கத்தில் மீண்டும் அச்சாகத் தொடங்கின.