15 வயதைத் தாண்டிய கன்ட்ரோல் கேபிள்

சிறிய விமானங்களில் விமானியின் அசைவை இறக்கை, வால் பகுதிகளுக்குக் கொண்டு செல்லும் கன்ட்ரோல் கேபிளைத் துணியால் வருடி, அறுந்த இழை மாட்டுகிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து முனையில் இருக்கிறது. கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகு இணைப்பான டர்ன்பக்கிளுக்குள் திருகும் டெர்மினல் (கேபிள் முனையின் உலோகத் துண்டு) 303எஸ்இ வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால், இழுவிசையும் குளோரைடும் சேர்ந்து அதில் விரிசல் விழ வைக்கும். திருகு தளராமல் இருக்கப் பாதுகாப்புக் கம்பி சுற்றிய இடத்தில் ஈரம் தங்கும். வெளியே தெரிவது ஊசிமுனை அளவு துரு மட்டும். கம்பியை அவிழ்த்து 10 மடங்கு லென்ஸில் பார்க்காத சோதனை சோதனையே இல்லை.

இதனால்தான் இந்த வகை டெர்மினல் உள்ள முதன்மைக் கேபிள்களை 15 ஆண்டுக்குள் மாற்றியே ஆக வேண்டும் என்று ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மிகச் சரியான உத்தரவு.

மாற்றும்போது, கழற்றும் முன்பே முனைகளுக்கு அடையாளச் சீட்டு கட்டுங்கள். டர்ன்பக்கிள் பீப்பாய்க்கு வெளியே 3 மரைக்கு மேல் தெரியக்கூடாது. இழுவிசையை விரலால் அழுத்தி முடிவு செய்யாதீர்கள்; இழுவிசையை அளக்கும் டென்சியோமீட்டரும், விமானப் பராமரிப்புக் கையேட்டின் வெப்பநிலை அட்டவணையும் வேண்டும்.

முக்கியமானது திசை. கேபிளைத் திசை மாறிப் பூட்டியிருந்தாலும் ஸ்டிக் (விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு) தடையில்லாமல்தான் அசையும். அதனால் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்து, இடது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். வேலை செய்தவர் அல்லாத இன்னொருவரும் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.