பாசலில் ஓவியத்துக்குள்ளே ஒரு படுக்கை

சுவிட்சர்லாந்து என்றதும் நம் ஆட்கள் போடும் பட்டியலில் பனிமலை இருக்கும், ஏரி இருக்கும், மலை ரயில் இருக்கும். பாசல் இருக்காது. பிரான்ஸும் ஜெர்மனியும் வந்து தொடும் எல்லையில், கிழக்கிலிருந்து ஓடிவரும் ரைன் நதி வடக்கே திரும்பும் முனையில் இருக்கிற பழைய ஊர் அது. ஓவியம் பிடிக்குமென்றால் ஐரோப்பாவில் வேறெங்கும் போவதற்கு முன் அங்கே போங்கள் என்பேன்.

நான் தங்கியது டொய்ஃபெல்ஹோஃப் என்ற சிறிய ஹோட்டலில். 1989-இல் தொடங்கியது. பழைய நகரின் லியோன்ஹார்ட்ஸ்கிராபன் தெருவில் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் ஒவ்வொரு அறையையும் முழுசாக ஒரு கலைஞரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். சுவர், கூரை எல்லாமே அவர் கையில். சில ஆண்டுகள் கழித்து அதை அழித்துவிட்டு அடுத்த கலைஞரைக் கூப்பிடுவார்கள். விற்கவும் முடியாது, கழற்றி எடுத்துப் போகவும் முடியாது. அந்த அறையில் படுத்து எழுந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த ஓவியம் அது.

என் அறையில் இருந்தது ஒரே ஒரு கறுப்புக் கோடு. கதவுக்குப் பின்னால் தொடங்கி, கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே ஏறி, கூரையைக் கடந்து, மறுபக்கம் இறங்கி, துணி அலமாரிக்குள்ளே போய் முடிந்தது. பெட்டியை வைத்துவிட்டு அதைப் பார்த்தபோது, இதற்கா இவ்வளவு வாடகை என்றுதான் தோன்றியது. இரவு விளக்கடியில் மல்லாந்து படுத்த பிறகுதான் கோடு பேச ஆரம்பித்தது. தூரிகையை மையில் தோய்த்த இடங்களில் கோடு தடித்துப் பளபளக்கிறது. மை தீரத் தீர வறண்டு, முடி முடியாகப் பிரிகிறது. எந்த இடத்தில் ஏணியை நகர்த்தியிருப்பார் என்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம், அங்கே மட்டும் கோடு லேசாக நடுங்கியிருக்கிறது. காலையில் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் கறுப்புக்குள்ளே நீலம் தெரிந்தது. அருங்காட்சியகத்தில் எந்த ஓவியத்தின் முன்னாலும் நான் இவ்வளவு நேரம் நின்றதில்லை. அங்கே கால் வலிக்கும், பின்னால் ஆள் காத்திருப்பார். இங்கே தலையணையில் தலை வைத்தபடி பார்க்கலாம்.

ஹோட்டலின் நிலவறையை விட்டுவிடாதீர்கள். நகரத்தின் பழைய மதில்கள் அங்கே அப்படியே நிற்கின்றன. 11-ஆம் நூற்றாண்டு மதில் ஒன்று, 13-ஆம் நூற்றாண்டு மதில் இன்னொன்று. தங்குபவர்கள்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் இறங்கிப் பார்க்கலாம். ஆற்றிலிருந்து எடுத்த உருண்டைக் கற்களும் சுண்ணாம்புக் காரையும் கையெட்டும் தூரத்தில். மேலே உணவகம், சின்ன நாடக அரங்கு, அறைகள். எல்லாவற்றுக்கும் அடியில் இது.

இப்படி ஒரு ஹோட்டல் இந்த ஊரில் முளைத்ததில் ஆச்சரியமில்லை. அமெர்பாக் என்ற குடும்பத்தின் ஓவியச் சேகரிப்பு வெளியூருக்கு விலைபோக இருந்தபோது, 1661-இல் நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை வாங்கின. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய குன்ஸ்ட்மூசியம் என்ற கலை அருங்காட்சியகம். 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த இறந்த கிறிஸ்துவை அங்கே பார்த்தேன். இரண்டு மீட்டர் நீளம், ஒரு முழம்கூட இல்லாத உயரம். பெட்டிக்குள் கிடத்திய உடல், பச்சை பாரித்த விரல்கள். நீண்ட நேரம் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது 1967-இல் நடந்த கதை. அங்கே இரவலாகத் தொங்கிக்கொண்டிருந்த பிக்காசோ ஓவியங்கள் இரண்டு. அவற்றுக்குச் சொந்தக்காரக் குடும்பம் தாங்கள் பங்கு வைத்திருந்த விமான நிறுவனத்தின் விமானம் விபத்துக்குள்ளான பிறகு பண நெருக்கடியில் சிக்கி விற்க முடிவு செய்தது. விலை 84 லட்சம் ஃபிராங்க். அதில் 60 லட்சத்தை அரசு தரலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். மிச்சம் 24 லட்சத்துக்குத் தெருவில் விழா எடுத்து உண்டியல் குலுக்கினார்கள். டிசம்பர் 17 அன்று ஊர் 'சரி' என்று வாக்களித்தது. கேள்விப்பட்ட பிக்காசோ நெகிழ்ந்துபோய், தன்னிடமிருந்த நான்கு படைப்புகளை பாசலுக்குப் பரிசாகக் கொடுத்தார். வரிப்பணத்தில் ஓவியம் வாங்கலாமா என்று கேட்டு, வாங்கலாம் என்று சொன்ன ஜனங்கள்! இரண்டு ஓவியங்களும் அங்கேயே இருக்கின்றன. அவற்றில் ஒன்றான 'இரண்டு சகோதரர்கள்' ஓவியத்தில் தம்பி அண்ணன் முதுகில் ஏறியிருக்கிறான். ஊரே சேர்ந்து தூக்கி வைத்திருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

திரும்பும்போது டிராமில் பக்கத்து இருக்கையில் ஓர் ஈழத்து அம்மா. என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் தொடங்கிவிட்டார்.

"எங்க பிள்ளை தங்கி நிக்கிறியள்?"

ஹோட்டல் பெயரைச் சொன்னேன்.

"பழைய மதில் இருக்கிற இடமெல்லோ! எங்கட மகளைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவை."

"நீங்க பார்த்திருக்கீங்களா அம்மா?"

"அவள்தான் பிறகு என்னை இழுத்துக்கொண்டு போனவள்" என்று சிரித்தார்.

மற்றதெல்லாம் நடந்தே பார்க்கலாம். செந்நிற மணற்கல் பேராலயத்துக்குள் மறுமலர்ச்சிக் கால அறிஞர் எராஸ்மஸின் கல்லறை. அதன் பின்புறம் படியிறங்கினால் மோட்டாரே இல்லாத படகு. மேலே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்தின் விசையிலேயே ரைனைக் கடக்கிறது. தியேட்டர் சதுக்கத்தில் 1977-இல் ழான் டெங்கேலி என்ற சிற்பி செய்த நீரூற்று. இரும்புப் பாகங்களாலான உருவங்கள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். குழந்தைகளோடு போனால் அங்கே ஒரு மணி நேரம் நிச்சயம்.

போகிறவர்களுக்கு: பாசலில் எந்த ஹோட்டலில் தங்கினாலும் பாசல் கார்டு தருவார்கள். டிராமும் பேருந்தும் இலவசம், அருங்காட்சியகங்களில் பாதிக் கட்டணம். ஜூன் மாதத்தில் ஆர்ட் பாசல் கண்காட்சி நடக்கும் வாரத்தில் அறை கிடைப்பதும் கஷ்டம், வாடகையும் எகிறிவிடும். வேறு வாரம் பாருங்கள். டொய்ஃபெல்ஹோஃபில் பதிவு செய்யும்போது கட்டில் அளவையும் ஜன்னல் காட்சியையும் கேட்பதைவிட, எந்த அறையில் எந்தக் கலைஞர் வரைந்திருக்கிறார் என்று கேளுங்கள். பிடித்ததைச் சொன்னால், காலியாக இருந்தால் அதையே கொடுப்பார்கள்.