“புரிஞ்சுதாம்மா?” என்று கேட்காமல் இருக்கப் பழகுவது

நலச் செய்திகளை மக்களிடம் கொண்டுசேர்க்கும் துறையான உடல்நலத் தொடர்பியலில் முதுநிலைப் படிப்புக்கு வருகிறவர்களுக்குக் கோட்பாடுகள் சீக்கிரமே பிடிபட்டுவிடும். 1950களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே வண்டி பக்கத்துத் தெருவுக்கே வந்தும் மக்கள் ஏன் வரவில்லை என்று ஆராயப்போய்ப் பிறந்தது ‘நல நம்பிக்கை மாதிரி’ (Health Belief Model): நோயைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறாரோ அதைப் பொறுத்தே நடந்துகொள்வார் என்னும் கோட்பாடு. அதை எந்த மாணவரும் இரண்டு வாரத்தில் கட்டம் போட்டு விளக்கிவிடுவார். தடுமாற்றமெல்லாம் களத்தில்தான். துண்டறிக்கையோடு ஒரு தாயின் எதிரில் உட்கார்ந்ததும் வாயில் முதலில் வருவது “புரிஞ்சுதாம்மா?” “புரிஞ்சுதுங்க” என்றுதான் பதில் வரும். படிக்கிற பிள்ளை வீடு தேடி வந்து கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஏற்ற அளவுப்படி அதில் இருப்பது 20.5 கிராம்: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. ஒரு லிட்டர் தண்ணீருக்கு முழுப் பொட்டலம். செய்தி இவ்வளவுதான். ஆனால் தாயின் கையில் பொட்டலத்தையும் அவர் வீட்டுப் பாத்திரத்தையும் கொடுத்து, “இப்ப பாப்பாவுக்குக் கலக்கற மாதிரி கலக்கிக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கொட்டி, மீதியைச் சாயங்காலத்துக்கென மடித்து வைப்பார். குழந்தை குடிக்கப்போவது ஒரு டம்ளர்தானே, எதற்கு வீணாக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதில் தவறு காண முடியாது. ஆனால் அப்படிக் கலந்த நீர் இரத்தத்தைவிட அடர்த்தியாகி, குடலுக்குள் தண்ணீரை இழுக்கும்; பேதி கூடும். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கடையில் கிடைப்பதால் குழப்பம் இன்னும் அதிகம். துண்டறிக்கையில் அழகுக்காக டம்ளர் வரைந்திருந்தால் டம்ளரில்தான் கலப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிக் காட்டும் படம் அந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்க்கும்.

அடுத்தது சொல். “நீரிழப்பு ஏற்படாவண்ணம் கரைசல் கொடுக்கப்பட வேண்டும்” என்று எழுதும் மாணவர், வீட்டில் “உடம்புல தண்ணி வத்திப்போச்சு” என்றுதான் பேசுவார். அதைவிட ஆழமான சிக்கல் நோயின் பெயரிலேயே இருக்கிறது. வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய், மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் கற்றுக்கொடுத்தது. தாய்மார்கள் எத்தனை செய்திகளை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பத்தான் ஊழியருக்குக் கூலி. தாய்மார்கள் சரியாகவே கலந்தார்கள், ஆனால் குழந்தைக்குக் கொடுப்பது குறைவாக இருந்தது. காரணம், அவர்கள் பேச்சில் பேதி நான்கு வகை. தண்ணீராய்ப் போகும் கடும் பேதிக்கு மட்டுமே ‘டயரியா’ என்று பெயர். பால் பேதிக்கும் சீதபேதிக்கும் இந்த நீர் பொருந்தும் என்று அவர்கள் நினைக்கவில்லை. நம் ஊரிலும் மாந்தம், தோஷம், பல் முளைக்கிற பேதி என்று பிரித்துத்தான் பார்ப்பார்கள். ‘வயிற்றுப்போக்கு’ என்று ஒற்றைச் சொல்லில் அடித்துவிட்டால், தோஷம் என்று நம்புகிற தாய்க்கு அந்தத் தாள் பேசவே இல்லை. ஆகவே முதல் நாள் வேலை, துண்டறிக்கையைப் பைக்குள் வைத்துவிட்டு, “பிள்ளைக்கு வயிறு சரியில்லைன்னா என்னென்ன பேர் சொல்லுவீங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்வது.

துண்டறிக்கையை அச்சிடுவதற்கு முன் தாய்மார்களிடம் காட்டிப் பார்க்கும் முன்சோதனைக்கு எட்டு, பத்து பேர் போதும், தனித்தனியாக. கூட்டமாக உட்கார வைத்தால் விவரமான ஒருவர் பேச, மற்றவர் தலையாட்டுவார்கள். கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடி ஆசிரியரோ பக்கத்தில் நின்றாலும் பதில் மாறும். “பக்கத்து வீட்டுப் பொண்ணு கேட்டா நீங்க எப்படிச் சொல்லித் தருவீங்க?” என்று கேட்டால் உண்மை வெளிவரும். குறிப்பேட்டில் “புரிதல் குறைவு” என்று எழுதுவது பயனற்றது. “பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர், மீதியை மடித்து அலமாரியில் வைத்தார்” என்று எழுதினால் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது தெரியும். திருத்திய வடிவத்தை வேறு ஆட்களிடம் மறுபடி காட்ட வேண்டும். ஆய்வேட்டுக் காலக் கணக்கில் மாணவர்கள் பெரும்பாலும் வெட்டுவது இந்த இரண்டாம் சுற்றைத்தான். வெட்டக்கூடாதது அதுதான்.

தாள் வாக்குக் கொடுப்பதிலும் கவனம் தேவை. இந்த நீர் பேதியை நிறுத்தாது, போன தண்ணீரைத் திருப்பித் தரும். அதைச் சொல்லாமல் விட்டால், இரண்டு முறை கொடுத்தும் பேதி நிற்காத தாய் கைவிட்டுவிடுவார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள் என்பதும் அப்படியே. மூன்றாம் நாளே பேதி நின்றதும் மாத்திரையும் நின்றுவிடும். அடுத்த சில மாதங்களுக்கும் பேதி வராமல் காக்கத்தான் மிச்ச நாட்கள் என்ற காரணத்தையும் எழுத வேண்டும்.

கலக்கிக் காட்டும்போது குறுக்கே திருத்துவது எல்லா மாணவருக்கும் வருகிற பழக்கம், குறிப்பாக மருத்துவம், செவிலியம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு. தாயின் கை தவறான இடத்துக்குப் போகும் அந்த நொடிதான் தேடி வந்த தகவல். வாயை மூடிப் பார்க்க வேண்டும். அவர் முடித்த பிறகு, குறிப்பெழுதி மூடிவிட்டு, தவறாய்க் கலந்ததைக் கொட்டச் சொல்லி, புதுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, அவர் கையாலேயே ஒரு லிட்டரில் கலக்க வைத்து, 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வாசற்படி தாண்ட வேண்டும்.