ஸ்டெண்டெக்: பனியாறு திருப்பித் தந்த விமானம்

1947 ஆகஸ்ட் 2 அன்று பியூனஸ் ஐரிஸிலிருந்து 11 பேருடன் புறப்பட்ட ‘ஸ்டார் டஸ்ட்’ என்னும் லங்காஸ்ட்ரியன் விமானம், ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்து சிலியின் தலைநகரான சாண்டியாகோவில் இறங்கவேண்டியிருந்தது. மாலை 5.45-க்கு வந்துசேர்வோம் என்று 5.41-க்கு மோர்ஸ் குறியில் (எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் முறையில்) தெரிவித்த அதன் வானொலி இயக்குநர், செய்தியின் முடிவில் ‘ஸ்டெண்டெக்’ (STENDEC) என்றொரு சொல்லையும் சேர்த்திருந்தார். பொருள் விளங்காத சாண்டியாகோ இயக்குநர் திரும்பக் கேட்டபோது, அதே சொல் மேலும் இரண்டு முறை வந்தது. பிறகு விமானத்திலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. மலைகளில் தேடியவர்களுக்கு ஒரு தகட்டுத் துண்டுகூட அகப்படவில்லை.

‘பறக்கும் தட்டு’ என்ற பேச்சு அமெரிக்காவில் அந்த ஆண்டு ஜூனில்தான் கிளம்பியிருந்தது. அதனால், பின்னாளில் இந்த விமானத்தையும் வேற்றுக்கிரகவாசிகள் கணக்கில் எழுதியவர்களுக்கு ஆண்டுப் பொருத்தமும் வாய்த்துவிட்டது. பயணிகளுள் ஒருவர் பிரிட்டிஷ் அரசின் ஆவணங்களை எடுத்துச்செல்லும் தூதர் என்பதால், சதிவேலைக் கதையும் உலவியது.

1998-இல் துபுங்காட்டோ மலையின் பனியாற்றில் ஏறிக்கொண்டிருந்த அர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர், ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் ஒன்றின் பாகங்களையும் கிழிந்த துணிகளையும் கண்டனர். சாண்டியாகோவிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். 2000-இல் அங்கே சென்ற ராணுவக் குழு கண்டவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது விமானத்தின் உந்துவிசிறி: மோதிய கணத்தில் அது ஏறத்தாழ வழக்கமான பயண வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது என்பதை அதன் வளைவுகள் காட்டின. சிதைவுகளும் ஒரே பகுதிக்குள் கிடந்தன. நடுவானில் வெடித்த விமானம் அப்படிக் கிடக்காது.

சாண்டியாகோவை நெருங்கிவிட்டோம் என்று நம்பிய விமானி மலையில் மோதியது எப்படி? விமானம் 24,000 அடி உயரத்துக்கு ஏறுவதாகத் தெரிவித்திருந்தது. துபுங்காட்டோவின் உயரமோ ஏறத்தாழ 21,500 அடிதான். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’ காற்றோட்டத்தைப் பற்றி அன்றைய விமானிகள் அறிந்திருந்தது மிகக் குறைவு. எதிர்காற்றில் விமானத்தின் வேகம் வெகுவாகக் குறைந்துபோனதையும், கீழே மேகம் மூடியிருந்ததால் தரை தெரியாததையும் சேர்த்துப் பார்த்தால், மலைத்தொடரைக் கடந்துவிட்டதாகக் கணக்கிட்டு, இன்னும் அதன் கிழக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, இறங்கத் தொடங்கினார்கள் என்பது தெளிவாகிறது. மோதலால் சரிந்த பனி விமானத்தை மூடியது. மேல்பகுதியில் புதைந்ததைப் பனியாறு தன் மெதுவான ஓட்டத்தில் அரை நூற்றாண்டுக் காலம் சுமந்துவந்து, உருகும் உயரத்தில் வெளியே தள்ளியது.

(ஸ்டார் டஸ்டை இயக்கிய அதே பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானங்களான ‘ஸ்டார் டைகர்’ 1948 ஜனவரியிலும் ‘ஸ்டார் ஏரியல்’ 1949 ஜனவரியிலும் அட்லாண்டிக் பகுதியில் மறைந்தன, இரண்டும் இன்றுவரை பெர்முடா முக்கோணப் பட்டியலில் இருக்கின்றன. கடலுக்கு இப்படித் திருப்பித் தரும் வழக்கம் இல்லை.)

மிஞ்சுவது அந்தச் சொல் மட்டும். ‘டிசென்ட்’ (DESCENT), அதாவது இறக்கம், என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் இடம் மாறியவை என்பது பரவலான விளக்கம். மோர்ஸில் ஒருவர் மூன்று முறையும் ஒரே மாதிரி எழுத்துகளைக் குழப்புவார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டெண்டெக் என்பதன் ஏழு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியின்றிக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்:

···–·–·–···–·–·

பிறகு சாண்டியாகோவில் அன்று இயங்கிய லாஸ் செரியோஸ் விமான நிலையத்தின் குறியீடான எஸ்-சி-டீ-ஐ என்பதையும், ‘செய்தி முடிந்தது’ என்பதற்கான குறியையும் சேர்த்து எழுதினேன். அதே பதினைந்து குறிகள், அதே வரிசையில் வந்தன. வேறுபாடு எழுத்துகளுக்கு இடையே விடும் இடைவெளியில் மட்டுமே இருந்தது. சாண்டியாகோ இயக்குநர், குறிகள் தெளிவாகக் கேட்டன என்றும் ஆனால் மிக வேகமாக அனுப்பப்பட்டன என்றும் கூறியிருந்தார். அந்தக் குறியீடு 1947-இலேயே வழக்கில் இருந்ததா, இருந்தால் தம் சொந்த விமான நிலையத்தின் குறியீட்டையா அவர் அடையாளம் காணாமல் போனார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. இந்த விளக்கத்தில் நான் இன்னும் முழு நிறைவு அடையாததற்கும் அதுவே காரணம்.